அடிபடாத வண்டி

ஜூன் 3, செவ்வாய்

ரசத்துக்குப் புளி கரைச்சுட்டு இருக்கறப்ப இன்சூரன்ஸ் ஏஜெண்ட் துரைராஜ் வந்து நின்னுட்டார். புளிக்கையைக் கழுவிட்டு ஓடிப்போய்க் காபி போட்டேன். அந்த மனுசனுக்குக் காபி மட்டும் வெச்சாப் போதாது, காராசேவும் வேணும். இருந்த ஒரு பொட்டலத்தையும் காலி பண்ணிட்டுத்தான் எந்திரிச்சார்.

அவர் வந்தது எனக்குப் பாலிசி போட இல்ல. காருக்கு. 1955 மாடல் ஹில்மேன். எங்கூட்டுக்காரர் வால்பாறை எஸ்டேட்ல இருந்து வாங்கிட்டு வந்தது. கிரீம் உடம்பு, செவப்புக் கூரை. அதுக்கு அவர் வெச்சிருக்கற பேரு அம்மிணி. எனக்கு எங்கப்பா வெச்ச பேரு சாந்தாமணி. இந்த ஊட்டுல 'ஏய்'னு கூப்பிட்டா அது நான், 'அம்மிணி'ன்னு கூப்பிட்டா அது கார். கல்யாணமான புதுசுல ஒருக்கா, அவர் 'அம்மிணி'ங்கறப்ப நான் 'என்னங்'னு திரும்பித் தொலைச்சிருப்பேன்னு நெனைக்காதீங்க, அப்ப கார் இல்ல, அப்பவும் ஏய்தான்.

துரைராஜ் சொன்னார்: "சாதா பாலிசியில வண்டி மதிப்பு வருசா வருசம் கொறைஞ்சுட்டே போகுமுங்க. பழைய வண்டிக்கு ஒண்ணும் மிஞ்சாது. இது வேற. முன்னாடியே ரெண்டு பக்கமும் பேசி, இந்த வண்டி இவ்வளவு பெறும்னு ஒத்துக்கறது. நாளைக்கே வண்டிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தத் தொகை அப்படியே வந்துருமுங்க. பேரமே கெடையாது."

"எவ்வளவுக்கு ஒத்துக்குவாங்க?"

"கோயம்புத்தூர்ல இருந்து இன்ஜினியர் வந்து பாத்துட்டுச் சொல்லுவாருங்க. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். முக்கியமா, அடிபடாத வண்டியா இருக்கணும்."

"அடிபடாத வண்டிதானுங்க"ன்னார் இவர். சொல்லிட்டு என்னைப் பாத்தார். நான் காலித் தட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டேன்.

ஜூன் 4, புதன்

பழைய கார் சங்கத்துல செஞ்சேரிக்காரர் ஒருத்தர் வண்டிக்குப் பதினஞ்சு லட்சம் ஒத்துக்கிட்டாங்களாம். அதுல இருந்து இவருக்குத் தூக்கமில்ல. நம்முளுது பதினெட்டு வரணும், ஒரு ரூபா கொறைஞ்சாலும் நான் சங்கத்துக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு சாப்பாட்டுல கை வெச்சுட்டே கத்தறார். சோத்துக்குக் காது இருந்தா அதுவும் எந்திரிச்சு ஓடியிருக்கும்.

இடது பக்கக் கதவுல போன ஐப்பசியில ஒரு பள்ளம் விழுந்துச்சு. வெளியூர்ப் பட்டறையில குடுத்து, தட்டி, பட்டி வெச்சு நெரவி, பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்துட்டார். வெறுங்கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. பள்ளம் எப்படி விழுந்துச்சுன்னு இங்க எழுதப் போறதில்ல. அவர் படிச்சுருவாருன்னு பயமில்ல, எழுத்துக் கூட்டிப் படிக்கற பொறுமையெல்லாம் அவருக்குக் கெடையாது. எழுதினா நான் படிப்பேன், அதான்.

மத்தியானம் கையைக் கழுவிட்டு வந்து சொன்னார்: "இன்ஜினியர் வர்றப்ப அந்தக் கதவைப் பத்தி வாயத் தொறந்தீன்னா, அன்னிக்கு உன்னைக் கொன்னே போடுவேன்."

"சரீங்"ன்னேன். வேற என்ன சொல்லறது?

ஜூன் 8, ஞாயிறு

கோழி அடிச்சுக் கொழம்பு. பெங்களூருல இருந்து ஹரிணி போன் பண்ணினா. "வீடியோவுல வாம்மா"ன்னா. கேமரா கெட்டுப்போச்சுன்னேன். "போன தடவையும் கெட்டுப்போச்சுன்னே"ன்னா. என்ற புள்ளைக்கு அப்பன் மூளை, எதையும் மறக்கறதில்ல. மாப்பிள்ளைக்கு ஊறுகாய் அனுப்பறேன்னு பேச்சை மாத்திட்டேன்.

சாயந்தரம் கார் தொடைக்கற சடங்கு. தண்ணி மொண்டு குடுக்கறதும், துணி பிழிஞ்சு குடுக்கறதும் என்ற வேலை. குடுத்த துணியில ஒரு பொத்தான் இருந்திருக்கு. பழைய சட்டை, நாந்தான் கிழிச்சு வெச்சது, பொத்தானைக் கவனிக்கல. பானெட்டுல மயிராட்டம் ஒரு கோடு. அவ்வளவுதான்.

பக்கெட் ஒடைஞ்சுபோச்சு. கெட்டியான பக்கெட், பிளாஸ்டிக்னாலும் இரும்பாட்டம் இருக்கும். சந்தைக்குப் போறப்ப வேற வாங்கணும். அது ஒடைய எத்தனை போடு தேவைப்படும்னு வாங்கறப்ப நான் யோசிக்கல, இப்பத் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

எழுத்து கோணலா வருது. நாளைக்குப் பாக்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

எங்க தேங்கா நார் மில்லுல பெரிய ரகளை. லோடு ஏத்தற வெள்ளியங்கிரி தன்ற சைக்கிளைக் கார் மேல சாத்தி வெச்சுட்டாராம். சாத்தக்கூட இல்ல, ஸ்டாண்டு சறுக்கிச் சாஞ்சுருச்சு. பாவப்பட்ட மனுசன், பேத்தி எடுத்தவர். எல்லாரும் பாக்க இவர் போட்டு மொத்தியிருக்கார். கண்ணோரம் பிஞ்சு ரத்தம். அது மோதிரத்தோட வேலை. இவர் கை எறங்கறப்ப முதல்ல மோதிரம்தான் படும், அப்புறந்தான் கை.

வெள்ளியங்கிரி சம்சாரம் எங்கூட்டு கேட்டுக்கு வந்து மண்ணை வாரித் தூத்தினா. "உன்ற கை வெளங்காமப் போக, உன்ற காரு எரிஞ்சு போக!" ரோட்டுல போறவனெல்லாம் நின்னு பாத்தான். இவர் உள்ள உக்காந்து டிவி சத்தத்தை ஏத்தி வெச்சுக்கிட்டார்.

நான் ஜன்னலோரமா நின்னு கேட்டுட்டே இருந்தேன். கோவம் வரல. பொறாமையா இருந்துச்சு. அந்த மனுசனுக்காகக் கேட்டுல வந்து கத்த ஒருத்தி இருக்கா. எனக்கு எங்கண்ணன் இருக்கார். ரெண்டு வாட்டி அவர் ஊட்டுக்குப் போனேன், ரெண்டு வாட்டியும் மறுநாளே பூவும் பழமும் வாங்கிக் குடுத்துக் கொண்டாந்து விட்டுட்டார். நான் பஸ் ஏறறப்ப அண்ணி "அனுசரிச்சுப் போ சாந்தா"ன்னா. நாசமாப் போக அந்த அனுசரிப்பு.

அப்புறம் போய் அவர் வேட்டியெல்லாம் துவைச்சேன். மிஷின் இருக்கு, இருந்தாலும் அவர் துணிய மட்டும் நான் கல்லுலதான் துவைக்கறது. தூக்கித் தூக்கி அடிச்சேன். பக்கத்தூட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து, "ஏம்மிணி, அழுக்கு போயிருச்சு, வேட்டியாச்சும் இருக்கட்டும்"னு சிரிச்சாங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா வெலாவுல சுருக்குங்குது.

ஜூன் 17, செவ்வாய்

சனிக்கிழமை இன்ஜினியர் வர்றாராம். துரைராஜ் போன் பண்ணினார். அதுல இருந்து ஒத்திகை. நான் எங்க நிக்கணும், எப்பக் காபி கொண்டாரணும், என்ன சேலை கட்டணும். பொண்ணு பாக்க வர்றப்பக்கூட எங்கூட்டுல இவ்வளவு பண்ணல.

சரி, எழுதிப்புடறேன். எழுதாம இருந்தாலும் தெனமும் அதையேதான் நெனைச்சுட்டு இருக்கேன்.

ஐப்பசியில ஒரு நாள், ஹரிணிக்குத் தலைதீபாவளிச் சீர் எவ்வளவு செய்யறதுன்னு பேச்சு. போர்ட்டிகோவுல கார் டயர் மாத்திட்டு இருந்தார். நான் ஒரு வார்த்தை கூடப் பேசிட்டேன். கையில ஜாக்கி ராடு இருந்துச்சு, வீசினார். நான் குனிஞ்சுட்டேன். வேணும்னு குனியல, ஒடம்பு தானாக் குனிஞ்சுச்சு. ராடு போய்க் கதவுல எறங்குச்சு. அந்தச் சத்தத்துல ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம்.

அதுக்கப்புறம் விழுந்ததெல்லாம் குனிஞ்சதுக்கு. "நீ நின்னிருந்தீன்னா அம்மிணிக்கு ஆகியிருக்காதுல்ல? ஏன்டீ குனிஞ்சே? ஏன்டீ குனிஞ்சே?" கேட்டுக் கேட்டு அடிச்சார். கடைசியில நானே, "தெரியாமக் குனிஞ்சுட்டேனுங்க"ன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கேட்டேனே! அதை நெனைச்சாத்தான் இப்பவும் நெஞ்சு எரியுது. வலியெல்லாம் ஆறிப்போச்சு, அது ஆறல.

ஜூன் 20, வெள்ளி

அவருக்குப் படபடப்பு. கொழம்புல உப்பு கம்மின்னார். போட்டேன். ஜாஸ்தின்னார். கடைக்குப் போய் முகப் பவுடர் வாங்கிட்டு வந்தேன், பெரிய டப்பாவா.

ஜூன் 21, சனி

அவசர அவசரமா எழுதறேன். இன்ஜினியர் போயிட்டார். துரைராஜை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வர இவர் இன்னொரு கார்ல போயிருக்கார். வந்துருவார். வர்றதுக்குள்ள எழுதி வெக்கணும், அப்புறம் எழுத முடியுமோ என்னவோ.

இன்ஜினியர் பேரு பிரபாகர். சின்ன வயசுதான், அமைதியான ஆளு. கார் கிட்ட வந்ததும் இவர் முகத்துல ஒரு சிரிப்பு பாருங்க, ஹரிணி பொறந்தப்பக்கூட நான் அதைப் பாத்ததில்ல. இன்ஜினியர் ஒவ்வொண்ணாப் பாத்தார். இன்ஜின் நம்பர் சரி, ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கேட்டார், சத்தம் சரி. கண்ணாடியெல்லாம் ஒரிஜினல், "இனிமே எங்க தேடினாலும் கெடைக்காது சார்"னார். இவர் மிதந்துட்டு இருந்தார். துரைராஜ் "பதினெட்டு தாராளமா வருமுங்க"ன்னு காதோரம் சொல்லறார்.

அப்பத்தான் சொல்லி வெச்சபடி நான் காபி கொண்டு போனேன். நான் வந்தது இடது பக்கமா. இன்ஜினியர் அந்தக் கதவுக்கிட்ட நின்னு, துணி சுத்தின சின்னக் காந்தத்தை மேல இருந்து நகத்திட்டே வந்தார். பட்டி வெச்ச எடத்துல அது ஒட்டல, நழுவிக் கையில விழுந்துச்சு. அவர் நிமிந்தார். நேரா என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு. என்ற பவுடர் போட்ட கன்னத்தைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

"அடி வாங்கியிருக்கா?"ன்னார்.

நான் என்னைத்தான் கேக்கறார்னு நெனைச்சுட்டேன். இத்தனை வருசத்துல ஒரு ஆளு கேட்டதில்ல. சாமி சத்தியமா, வாய் தானாச் சொல்லுது:

"ஆமாங்க."

"எப்ப?"

"நேத்துங்க."

"நேத்தா?" அவர் கதவைத் தடவிப் பாத்தார். "பட்டி வெச்சு நாளாச்சே. பெயிண்டெல்லாம் காஞ்சு..." அப்படியே நிறுத்திட்டார். திரும்பவும் என்னைப் பாத்தார். இந்த வாட்டி நெசமாவே என்னை. அவருக்கும் புரிஞ்சுபோச்சு, எனக்கும் புரிஞ்சுபோச்சு. அவர் கேட்டது காரை.

துரைராஜ் காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பிச்சுட்டார், சூடுகூடப் பாக்காம.

அந்த இன்ஜினியர் நல்லவரோ கெட்டவரோ, தெரியல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இது அடிபட்ட வண்டிதாங்க சார். அப்படித்தான் எழுத முடியும். பாதிக்கு மேல ஒத்துக்க மாட்டாங்க"ன்னுட்டு விறுவிறுன்னு போயிட்டார். என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அடுத்தவன் குடும்பம், அவருக்கு எதுக்கு?

இவர் கத்தல. அதுதான் பயமா இருக்கு. போறப்ப மெதுவா, "வந்து பேசிக்கறேன்"னார்.

எங்க போறது? எங்கண்ணன் ஊட்டுக்கா? அவங்ககிட்டப் பூவும் பழமும் தயாரா இருக்கும். கார் போர்ட்டிகோவுலயேதான் நிக்குது, வெயில் முகத்துல அடிக்கற மாதிரி தெரு பாத்து. கேட் தொறக்கற சத்தம்.

ஜூன் 23, திங்கள்

ஆசுபத்திரியில இருக்கேன். ஹரிணி வந்துட்டா, இந்த டைரியை அவளைத்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். இடது காது கேக்கல, உள்ள கொய்ங்குனு சத்தம். தலையில தையல். கை ரெண்டும் நல்லா இருக்கு, அதனால எழுத முடியுது.

கேட்டைத் தொறந்தது அவர்தான். வந்த காரை ரோட்டுலயே நிறுத்திட்டு, கேட்டை அகலத் தொறந்து போட்டுட்டு நடந்து வந்தார். நான் போர்ட்டிகோவுல நின்னுட்டு இருந்தேன். முதல் அறை காதுல. ரெண்டாவது எதுலன்னு தெரியல. மயித்தைப் புடிச்சுத் தூண்ல முட்ட வெச்சார். கை நெறைய முடி அவர்கிட்டப் போயிருச்சு, அதனாலதான் நான் விடுபட்டேன். அவர் ஜாக்கி ராடை எடுத்தார். நான் பின்னால நகந்து நகந்து போய் ஹில்மேன் மேல முட்டிட்டு நின்னேன்.

ராடு மேல போச்சு. எறங்கல.

என்ற தலைக்குப் பின்னாடி டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. அதைத்தான் பாத்துட்டு இருந்தார். "அங்க இருந்து தள்ளி வாடீ"ன்னார்.

"வர மாட்டேன்."

"தள்ளி வாடீங்கறேன்!"

"அடிங்க! இங்கயே வெச்சு அடிங்க!"ன்னு கத்தினேன். நான் அந்த மனுசன்கிட்டக் கத்தினது அதுதான் முதல் தடவை. அவர் ராடைக் கீழ போட்டுட்டுக் கையப் புடிச்சு இழுக்க வந்தார். வந்த கையக் கடிச்சேன். மோதிரத்தோட சேத்துக் கடிச்சேன், எலும்பு பல்லுல தட்டற வரைக்கும். அவர் ஓன்னு அலறினார். நான் கதவைத் தொறந்து உள்ள ஏறிப் பூட்டிக்கிட்டேன்.

சாவி உள்ளயே தொங்கிட்டு இருந்துச்சு. இன்ஜினியர் ஸ்டார்ட் பண்ணச் சொன்னப்ப விட்டது. எங்கப்பா ஜீப் வெச்சிருந்தார், எனக்கு ஓட்டத் தெரியும். இதுல ஸ்டியரிங்கு பக்கத்துல கியர், பக்கத்துல உக்காந்து பாத்துப் பாத்து அதுவும் தெரியும். சத்தம் போட்டுக் கெளம்பிருச்சு.

அவர் கண்ணாடியைக் குத்துவாருன்னு நெனைச்சேன். குத்தல. ரத்தம் ஒழுகற கையோட வெரல் மடக்கித் தட்டறார், அடுத்தவங்க ஊட்டுக் கதவைத் தட்டற மாதிரி. அப்புறம் ஓடிப்போய்க் கேட்டுக்கு நடுவுல, வண்டிக்கு முன்னாடி கை ரெண்டையும் விரிச்சுட்டு நின்னார். கண்ணுல தண்ணி. "அம்மிணி... சாமி... வேண்டாம் சாமி... பாத்துக் கண்ணு"ன்னார்.

கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படி ஒரு கொழைவு நான் கேட்டதில்ல. ஒரு நொடி காலு பிரேக்குக்குப் போயிருச்சு. அப்பத்தான் பாத்தேன், அவர் குனிஞ்சு பானெட்டைத் தடவிட்டு இருக்கார். பேசினது அதுகிட்ட.

கிளட்சை விட்டேன்.

ஒரு சத்தம் கேட்டுச்சு, கொப்பு முறியற மாதிரி. லைட்டும் ஒடைஞ்சுச்சு. அவர் மண்ணுல கெடந்து கத்தினது காலுக்கா, லைட்டுக்கான்னு எனக்குத் தெரியாது. எறங்கிப் போய் நாந்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். பரிதாபம் ஒண்ணும் வரல. பொய் சொல்ல மாட்டேன், நல்லா இருந்துச்சு.

ஜூன் 24, செவ்வாய்

அவருக்குத் தொடை எலும்பு, இடுப்பு ரெண்டும் முறிஞ்சிருக்கு. இன்ஸ்பெக்டரும் ஏட்டம்மாவும் விசாரிக்க வந்தாங்க. என்னையும் அவர் கட்டிலுக்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க.

"கேட்டுக்கிட்டச் சறுக்கி விழுந்துட்டேனுங்க"ன்னார் அவர்.

"சறுக்கி விழுந்தா இப்படி முறியாதுங்களே"ன்னார் இன்ஸ்பெக்டர். "வண்டி ஏத்தினதுன்னா சொல்லிருங்க. கேஸ் போட்டு, வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டு போகணும்."

"வண்டியா? வண்டியெல்லாம் ஒண்ணுமில்லீங்க! நானா விழுந்ததுதானுங்க!" கட்டிலே ஆடிப்போச்சு.

ஸ்டேஷனுக்குப் போன வண்டி என்னாகும்னு இந்த ஊருல கொழந்தைக்கும் தெரியும். கேஸ் முடியறதுக்குள்ள வெயில்லயும் மழையிலயும் கெடந்து, சீட்டுல கோழி முட்டை வெக்கும்.

ஹரிணி என்னை ஓரமா இழுத்தா. "அம்மா, பேசாம இரு. அப்பா உன்னைக் காப்பாத்தத்தான் இப்படிச் சொல்றார்."

"என்னையில்ல கண்ணு"ன்னேன்.

இன்ஸ்பெக்டர் போன் பேச வெளிய போனப்ப அவர் கூப்பிட்டார். சாந்தான்னே கூப்பிட்டார். "நான் சொன்னதையே நீயும் சொல்லிரு. உங்கண்ணனுக்கும் சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டார். நான் எந்திரிச்சு வந்ததும் எல்லாம் பழையபடி ஆயிரும்."

பழையபடி. அந்த வார்த்தை கேக்காத காதுலயும் கேட்டுச்சு.

அவர் சொன்னபடி தலையாட்டினா எனக்குக் கேஸ் இல்ல, ஜெயில் இல்ல. ஊட்டுக்குப் போயிரலாம். கால் கூடற வரைக்கும் கஞ்சி வெச்சுக் குடுக்கலாம். கூடினதுக்கப்புறம் அந்தக் காலுல நடந்து வருவார்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். நான் அவர் முன்னாடி போய் நின்னேன்.

"அவர் சொல்றது பொய்யுங்க. நாந்தான் ஏத்தினேன். எதுக்கு ஏத்தினேன்னும் சொல்றேன், முதல்ல இருந்து எல்லாத்தையும் எழுதிக்கோங்க."

"ஏய்!"ன்னு ஒரு சத்தம் கட்டில்ல இருந்து. நான் திரும்பல. ஹரிணி அழுதா. ஏட்டம்மா என்ற தலையில தையல் போட்ட எடத்தை ஒருக்காப் பாத்துட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காந்து நிதானமாச் சொல்லுங்க"ன்னாங்க.

நொம்ப நேரம் சொன்னேன். அவர் நடுவுல, "அந்த வண்டி என்னங்க பண்ணுச்சு?"ன்னு இன்ஸ்பெக்டரைப் பாத்துக் கெஞ்சிட்டே இருந்தார்.

ஜூலை 14, திங்கள்

ரெண்டு பேர் மேலயும் கேஸ். எனக்கு ஜாமீன் கெடைச்சுருச்சு, ஸ்டேஷன்ல போய்க் கையெழுத்துப் போடணும். அவர் இன்னும் படுக்கைதான். ஸ்டேஷனுக்குப் பின்னாடியே ஒரு ரூம் வாடகைக்குப் புடிச்சிருக்கேன். ஹரிணி ரெண்டு வாரம் பேசல, நேத்து வீடியோவுல வந்தா. நானும் வந்தேன். என்னையே பாத்துட்டு இருந்துட்டு, "சாப்பிட்டியாம்மா?"ன்னு மட்டும் கேட்டா.

ஸ்டேஷன் வளாகத்துல மணல் லாரிக்கும் ஒடைஞ்ச ஆட்டோவுக்கும் நடுவுல ஹில்மேன் நிக்குது. மேல ஒரு தார்ப்பாய் கூட இல்ல. இன்னிக்குக் கையெழுத்துப் போடப் போனப்ப, பானெட் மேல ஏட்டம்மா மொளகாய் காயப்போட்டிருந்தாங்க.

"மொளகாயை ஒரு கை இந்தப் பக்கம் தள்ளிவிடுங்கம்மா, அந்தப் பக்கம் நெழல் விழுது"ன்னாங்க.

தள்ளிவிட்டேன். நல்ல சூடு, ரெண்டு நாள்ல காஞ்சுரும்.